அத்தைக்கு என்ன வேண்டும்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பூர்வீக வீட்டையும், 1978-ல் கிணற்றில் விழுந்து இறந்துபோன என் அத்தையையும் வைத்து 420 பக்கத்தில் ஒரு கோதிக் நாவல் (பழைய வீடு, ஆவி, புதைந்த ரகசியம் என்று போகும் திகில் வகை) எழுதியிருக்கிறேன். அத்தை கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்திருந்தவர். இன்று எங்கள் வீட்டுச் சாமி அவர்தான். வருஷா வருஷம் சேலை வைத்துக் கும்பிடுகிறோம். நாவலில், வீட்டையும் நிலத்தையும் விற்க ஊருக்கு வரும் பெண்ணுக்கு அத்தை தென்படத் தொடங்குகிறார். படித்த தோழிகள், “பயமே வரலை, சீரியல் மாதிரி இருக்கு” என்கிறார்கள். எங்கே தவறவிட்டேன்? அத்தை வருவது நிஜமா மனப்பிரமையா என்று கடைசியில் சொல்லிவிட வேண்டுமா? இதற்கு நடுவே பெரியப்பா, “வீட்டுச் சாமியைப் பேய்னு எழுதப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார். கைப்பிரதியை இணைத்திருக்கிறேன். ஒரு எடிட்டராக உங்கள் கருத்து வேண்டும்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கைப்பிரதியை முழுசாகப் படித்தேன். உங்கள் தோழிகள் சொன்னது உண்மை, பயம் வரவில்லை. ஆனால் சீரியல் மேல் பழி போட வேண்டாம். உங்கள் பேய்க்கு எதுவுமே தேவைப்படவில்லை, சிக்கல் அங்கேதான். அது மாடிப்படியில் நிற்கிறது, கொலுசுச் சத்தம் கொடுக்கிறது, கண்ணாடியில் தெரிந்து மறைகிறது. எதற்காக இத்தனை பாடு என்று 200 பக்கம் காத்திருந்தால், எவனோ ஒரு மந்திரவாதி வைத்த செய்வினையால் அத்தை கிணற்றில் விழுந்தார் என்று காரணம் வருகிறது. நான் பென்சிலைக் கீழே வைத்த இடம் அது. செய்வினை என்று வந்துவிட்டால் குற்றம் வெளியாள் கணக்கில் போய்விடும். குடும்பத்தில் எல்லாரும் நல்லவர்களாகி விடுவார்கள். அப்புறம் அந்த வீட்டைப் பார்த்து வாசகர் ஏன் பயப்பட வேண்டும்?

கோதிக் என்று நீங்களே சொல்லியிருப்பதால் அந்த வகையின் முதல் நாவலை நினைவுபடுத்துகிறேன். 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’. கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேல் ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து நசுக்குகிறது, ஓவியத்திலிருந்து ஆள் இறங்கி நடக்கிறான், கோட்டைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் இந்தச் சாமான்களைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஒரு கள்ள உயில். கோட்டையை ஆளுகிறவனின் தாத்தா, உண்மையான உடைமைக்காரரை விஷம் வைத்துக் கொன்றுவிட்டுப் போலிப் பத்திரம் காட்டிச் சொத்தைப் பிடித்தவர். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் டீ குடித்தபடி நாம் கேட்கிற கதைதான். நீங்களும் சாமான்களை இறக்குமதி செய்துவிட்டு உயிலை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

சாமான்களை முதலில் ஒழிப்போம். ஆடி மாதத்தில் கள்ளிக்குடிச் சாலையில் மூடுபனி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆடியில் இறங்குவது காற்று. கதவைத் தாழ் போட்டாலும் இரவு முழுக்க ஆட்டிப் பார்க்கிற காற்று, சோற்றில் மண் போடுகிற காற்று. ஒரு வீட்டில் ஆள் இல்லாத அறையின் கதவு அடித்துக்கொண்டே இருப்பதற்குப் பேய் தேவையில்லை, ஆடி போதும். அது காற்றுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தவில்லை என்று எழுதிப் பாருங்கள். அதேபோல, சுழல் படிக்கட்டு வைத்த பங்களாவும் வேண்டாம். உங்கள் ஊரில் இருப்பது பட்டாசாலையும் முற்றமும் இருட்டு அடுப்படியும் உள்ள காரை வீடு. மூலையில் ஆளுயரத்துக்கு மேல் மண் குலுக்கை ஒன்று நிற்கும். தானியம் அடிமட்டத்துக்குப் போனதும் உள்ளே இறங்கி அள்ளிக் கொடுக்க வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைத்தான் இறக்குவார்கள். மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம், கீழே கம்பந்தூசி, மூச்சு முட்டல், வெளியே பெரியவர்கள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்கும். உங்கள் நாயகி ஏழு வயதில் அதற்குள் இருந்தபோது எதைக் கேட்டாள்? நிலவறைக்கு நீங்கள் இங்கிலாந்து போக வேண்டியதில்லை.

நேரமும் அப்படியே. உங்கள் நாவலில் அத்தை வருவதெல்லாம் நடுராத்திரி 12 மணிக்கு. நம் ஊரில் நடுராத்திரிக்கு இருக்கிற பயம் உச்சிப்பொழுதுக்கும் உண்டு. உச்சி வெயிலில் முனி நடமாடும் என்று பிள்ளைகளைப் புளியமரத்துப் பக்கம் விட மாட்டார்கள். காட்டில் வேலை செய்பவர்களுக்குக் கறிச்சோறு கொண்டுபோகிற பெண்ணின் தூக்குவாளி மேல் ஒரு கரித்துண்டும் இரும்பும் வைத்து அனுப்புவார்கள். ஆள் அரவமில்லாத கரிசல் காடு, பருத்தி எடுத்து முடித்த வெறும் மார், தன் நிழலே காலுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் நேரம். அத்தையை ஒரு தரம் அந்த வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். இருட்டில் பார்த்ததைக் கண் ஏமாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வெயிலில் பார்த்ததற்கு அந்தச் சாக்கு கிடையாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 112-ம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்கள். சாமி கும்பிடும் அன்று மஞ்சள் தண்ணீரில் நனைத்த புதுச் சேலையை ஓலைப் பெட்டியில் வைத்துவிட்டு, போன வருஷம் வைத்த சேலையை எடுத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கட்டிவிடுவார்கள், நாயகிக்குப் பதிமூன்று வயதில் கட்டிவிட்டார்கள் என்று. அம்மா, இதுதான் உங்கள் நாவல்! ஒரு வருஷம் முழுக்க உத்தரத்தில் தொங்கிய பெட்டிக்குள் செத்துப்போனவளுக்கு என்று இருந்த துணியை, ஒரு பிள்ளையின் உடம்பில் சுற்றுகிறார்கள். அதில் மஞ்சள், கற்பூரம், பழைய ஓலை வாசனை எல்லாம் இருக்கும். மடிப்பு மடித்த இடத்தில் துணி விறைத்திருக்கும். சுற்றி நிற்கும் கிழவிகளில் ஒருத்தி, “அப்படியே அவளேதான்” என்பாள். உங்கள் கொலுசுச் சத்தம் மொத்தத்தையும் தூக்கி இந்தக் காட்சிக்கு முன் வையுங்கள், நிற்காது.

நம் பக்கத்து ஆவிக்கதையின் இயல்பே இதுதான். வெளிநாட்டு நாவலில் செத்தவர் அந்நியராகித் திரும்பி வருகிறார். இங்கே அவர் வீட்டை விட்டுப் போவதே இல்லை. அகால மரணமடைந்தவரைச் சாமியாக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிடித்த பலகாரம் சுட்டுவைத்து உறவைத் தொடர்கிறோம். வெட்டுப்பட்டுச் செத்தவன் பட்டவனாகிறான், தீயில் போனவள் சீலைக்காரி அம்மனாகிறாள், வயிற்றுப் பிள்ளையோடு போனவள் பெயரில் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நடுகிறார்கள். பக்கத்துத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து, அதாவது சங்க காலத்துத் தமிழ் எழுத்து, இருக்கிறது. ஒன்றில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயர். செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடும் வழக்கத்துக்கு அவ்வளவு வயசு. ஆகவே உங்கள் வாசகருக்கு ‘ஆவி உண்டா’ என்பது பெரிய கேள்வியே இல்லை. அவர் கேட்பது வேறு: இவர்கள் ஏன் இவளுக்கு இவ்வளவு பயபக்தியோடு சேலை வைக்கிறார்கள்? எதற்குப் பரிகாரம்?

இதற்குப் பதில் செய்வினையில் கிடைக்காது, பத்திரத்தில் கிடைக்கும். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது, 2005-ல்தான் எடுத்தார்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வருகிற வரைக்கும் பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. மகள் கல்யாணமாகாதவளாகவோ, கணவன் கைவிட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால் அங்கே குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. அதாவது, வீட்டில் இருக்கலாம், வீட்டைப் பிரித்துக் கேட்கக் கூடாது. பேய்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை எந்த நாவலாசிரியரும் எழுதவில்லை. உங்கள் அத்தை கிணற்றில் விழுவதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே அந்த வீட்டில் பேயாகத்தான் இருந்திருக்கிறார் என்பதை நாவல் கண்டுபிடிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது அவர் பட்டாசாலையில் எந்த மூலையில் படுத்தார், எத்தனையாவது பந்தியில் சாப்பிட்டார், நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே வராமல் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றார்? செத்தபின் அவர் தென்படும் இடங்களும் சரியாக அவையேதான் என்று வையுங்கள்.

நிலத்துக்குக் கணக்கு வேறு. தாத்தா 1974-ல் உயில் இல்லாமல் இறந்தார், 12 ஏக்கர் பூர்வீகச் சொத்து, அப்பத்தா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்திருக்கிறீர்கள். அன்றைய சட்டப்படி, தாத்தாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு 4 ஏக்கர் பிரித்துக்கொண்டதாகப் பாவித்து, தாத்தாவின் 4 ஏக்கரை நாலு பேருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். அத்தைக்கு வருவது 1 ஏக்கர். மகளுக்கும் மகனைப்போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-ல். அதிலும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. ஆக, அந்த 1 ஏக்கர்தான் அவருடைய உலகம். அது கிணற்றடி நிலமாக இருக்கட்டும். அதை விட்டுக்கொடுத்ததாக அவர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அண்ணன் தம்பிகள் கிணற்றையும் சேர்த்து விற்க முடியும்.

40-ம் பக்கத்தில் அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கடிதம் எழுதுவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை வீணாக்காதீர்கள். இன்று விற்பனைக்காக வில்லங்கம் போட்டுப் பார்க்கும் நாயகி, சார்பதிவாளர் அலுவலகத்தில் 1978-ம் வருஷத்து விடுதலைப் பத்திரத்தின் நகலை வாங்குகிறாள். டியூப்லைட் வெளிச்சம், மின்விசிறி, டோக்கன் எண் கூப்பிடும் சத்தம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறலும் இடது பெருவிரல் ரேகையும் இருக்கின்றன, பக்கத்தில் அது இன்னாருடையது என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது வாசகருக்கும் தெரியும். இதற்கு மேல் ஒரு வரிகூட விளக்க வேண்டாம். என்றைய தேதிப் பத்திரம், அப்போது அவர் உயிரோடு இருந்தாரா என்பதை வாசகரே பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி வரும் காட்சியையும் திருப்பி எழுதச் சொல்வேன். உங்கள் கோடாங்கி சினிமாவில் வருகிறவர், கண்ணை உருட்டுகிறார். உண்மையில் அவர் ஊர் வக்கீலும் நீதிபதியும் சேர்ந்த ஆள். உடுக்கையை நிறுத்திவிட்டு அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: நீ யாரு, எங்கிருந்து வந்தே, உனக்கு என்ன வேணும்? மூச்சு விடாமல் வேலை செய்யும் சின்ன மருமகள் மேல் அத்தை இறங்கிவிட்டார் என்று வையுங்கள். அந்த வீட்டில் அவளுக்கும் பேச உரிமை கிடையாது, அதனால்தான் அவள். எல்லாரும் பத்திரத்தை நினைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நிற்கிறார்கள். ஆனால் வருகிற பதில், “எனக்கு ஒரு சேல எடுத்துக் குடுங்க.” அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் எழும் நிம்மதிப் பெருமூச்சை எழுதுங்கள், பெரியவர் ஒருவர் சட்டைப்பையில் கை விட்டு உடனே ரூபாயை எண்ணுவதை எழுதுங்கள். 1 ஏக்கர் நிலத்துக்கு ஒரு சேலை. இவ்வளவு மலிவாக முடிந்துவிட்டதே என்று அவர்கள் சந்தோஷப்படுவதைவிடக் கொடூரமான எதையும் உங்கள் பேய் செய்துவிட முடியாது.

அங்கேயே கிழவி ஒருத்தி, “அப்படின்னா அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில சத்தியம் பண்ணிடுங்கய்யா” என்று சொல்லலாம். மூடிய கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடும் அந்த வாசலில் பொய்ச் சத்தியம் பண்ண இந்தச் சீமையில் துணிகிறவர் குறைவு. கோர்ட்டில் தீராத வழக்கு அங்கே போய் முடிந்த கதை ஊருக்கு ஊர் கேட்கலாம். அப்போது பெரியவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிடட்டும்.

இன்னொரு ஆள் பாக்கி இருக்கிறார். ‘வேலைக்காரக் கிழவர்’ என்று பெயர்கூட இல்லாமல் மூன்று இடங்களில் வந்து, “ராத்திரியில கிணத்துப் பக்கம் போகாதீங்க தாயி” என்று எச்சரித்துவிட்டு மறைகிறார். இவ்வகை நாவல்களில் வீட்டு வேலையாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது பழைய வழக்கம்தான். எப்படித் தெரியும் என்று யோசித்தீர்களா? கிணற்றில் இறங்கி அத்தையின் உடலைத் தூக்கியவர் அவர்தானே! வீட்டு ஆம்பிளைகள் மேலே நின்று கயிறு விட்டிருப்பார்கள். அத்தையின் பெருவிரலில் மை இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் விசுவாசம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் குடிசை நின்றது அந்த வீட்டு நிலத்தில், அவர் மகனுக்குச் சோறு போட்டது அந்த வீட்டுப் பண்ணை வேலை. சாதியைச் சொல்லாமல் மதுரை ஜில்லாக் கிராமத்தை எழுத முடியாது. அந்தக் கிழவர் வாய் திறக்காததற்குப் பின்னால் இருக்கும் பயத்துக்கு முன்னால் ஆவி பயமெல்லாம் சும்மா. அவருக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள், பெயரும் கொடுங்கள்.

நிஜமா பிரமையா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தீர்ப்பு எழுதாதீர்கள். இப்போது கடைசி அத்தியாயத்தில் ஒரு மனநல மருத்துவர் வந்து ஏழு பக்கம் விளக்குகிறார். நல்ல மனிதர், ஆனால் தேவையில்லை. நம் குடும்பங்களில் மாத்திரையும் திருநீறும் ஒரே நாளில் ஒரே டம்ளர் தண்ணீரில் உள்ளே போகும், யாரும் அதை முரண்பாடாக நினைப்பதில்லை. நாயகியும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியப்பா விஷயம். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. செத்தவளைச் சாமியாக வைத்திருப்பவருக்குப் பேய் என்கிற வார்த்தை வசவுதான். நாவல் முழுக்க நீங்களும் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். கதாபாத்திரங்கள் ‘அத்தை’ என்றே சொல்லட்டும், பயம் கூடத்தான் செய்யும். ஆனால் நான் மேலே சொன்ன கள்ளப் பத்திரத்தை எழுதப் போகிறீர்கள் என்றால் குடும்பத்தை அப்படியே வைக்கவே கூடாது. உங்கள் வீட்டில் அப்படி நடந்ததாக நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. வாசிக்கிற சொந்தக்காரர் சொல்வார். இறந்தவர் மேல் சுமத்தும் பழிகூட, அவர் உயிரோடிருந்தால் பெயரைக் கெடுக்கும்படியாகவும், நெருங்கிய உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் இருந்தால் அவதூறாகலாம் என்று சட்டம் சொல்கிறது. உயிரோடிருப்பவர் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே ஊரை மாற்றுங்கள், குலதெய்வத்தை மாற்றுங்கள், அண்ணன் தம்பி எண்ணிக்கையை, இறந்த வருஷத்தை, கிணறு இருக்கும் திசையை மாற்றுங்கள். பெரியப்பா என்ற உறவையே எடுத்துவிட்டுத் தாய்மாமனை வைத்தாலும் கதை நிற்கும், பங்குக் கணக்கை மட்டும் ஒரு வக்கீலிடம் திரும்பச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கப்புறம் பெரியப்பாவிடம் போய் அனுமதி கேட்காதீர்கள், சாமி கும்பிடும் அத்தியாயத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். படையலில் எது முதலில் வைப்பார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, அவர் திருத்துவார். திருத்த ஆரம்பித்தால் பேச்சும் வந்துவிடும்.

சின்னத் திருத்தங்கள் சில. 1978-ல் கிணற்றடிக்கு வி.ஏ.ஓ. வந்து விசாரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது வி.ஏ.ஓ. கிடையாது. பரம்பரையாக இருந்த கிராம அதிகாரிப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது 1980 நவம்பரில். அதுவரை கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும்தான். இந்தப் பிழையைத் திருத்தும்போது உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது: சந்தேக மரணத்தை மேலே தெரிவிக்க வேண்டிய முன்சீப், அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியாகவே இருந்திருக்கலாம். இறந்த வருஷத்தை 1980-க்கு இந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள், இந்த வசதி போய்விடும்.

‘திகிலூட்டும்’, ‘அமானுஷ்யமான’ என்ற இரண்டு சொற்களையும் கணினியில் தேடி, வந்த இடமெல்லாம் அழித்துவிடுங்கள். சென்னைக் காதலனோடு மகாபலிபுரம் போகும் 38 பக்கங்களும் போகட்டும். அவன் போன பிறகு நாவலுக்கு ஒரு குறையும் வராது, நான் சோதித்துப் பார்த்தேன். மந்திரவாதி, டாக்டர், காதலன் மூவரையும் அனுப்பிவிட்டால் 300 பக்கத்துக்குள் நிற்கும். குலுக்கை, சேலை, பத்திர நகல் ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள்.